மூன்று குரோட்டன் சாடிகளும் ஓர் ஆட்சேபனையும்

போன மாதம் கொழும்பில், எங்கள் வெள்ளவத்தை வீட்டை அளக்க ஒரு பிள்ளை வந்திருந்தாள். சோலைவரிக்கு, அதாவது வீட்டு வரிக்கு, மறுமதிப்பீடு. அவள் கையில் அளவுநாடா இல்லை. தீப்பெட்டியிலும் சற்றுப் பெரிய ஒரு கருவிதான் இருந்தது. அதைச் சுவருக்கு நேரே பிடித்து அமத்தினாள், எதிர்ச்சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது, நீளம் வந்துவிட்டது. நான் முப்பது வருடத்துக்கு மேல் இதே வேலை பார்த்தவன். எங்கள் காலத்தில் ஓர் அறையை அளக்க இரண்டு ஆள் வேண்டும். நாடாவின் மற்ற நுனியைப் பிடித்திருப்பவர் அடுப்படிப் பக்கம் யாரோடாவது கதைக்கப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். இவள் பத்து நிமிடத்தில் முழு வீட்டையும் முடித்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

என் மனைவி தேநீர் கொண்டுவந்தாள். "இல்ல அன்டி, டியூட்டியில ஒண்டும் குடிக்கிறதில்ல" என்றாள் அந்தப் பிள்ளை. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஏன் சிரிக்கிறீர்கள் என்று பிள்ளை கேட்க, கதை வெளியே வந்தது. கேட்டு முடித்துவிட்டு, தங்கள் மதிப்பீட்டுப் பகுதியின் ஆண்டு மலருக்கு இதை எழுதித் தரவேண்டும் என்றாள். எழுதுவதற்கு எனக்கு வேறொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இன்றும் ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். வரி வீதத்தை நாங்கள் போடுவதில்லை. ஆண்டுப் பெறுமதியில் நூற்றுக்கு எத்தனை வீதம் என்று வருடாவருடம் தீர்மானிப்பது மாநகர சபை. குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு வீதம், கடைக்கு வேறொரு வீதம். அந்தத் தீர்மானமும் தனியே நிற்காது. கட்டளைச் சட்டத்தின்படி அமைச்சரின் அனுமதி வேண்டும். பைல் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நானும் அந்தக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். வடிகானில் தண்ணீர் நிற்கிறது, தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வருவதில்லை என்று எல்லா உறுப்பினரும் மேசையில் அடிப்பார்கள். அப்படியானால் வீதத்தைக் கூட்டுவோமா என்று கேட்டால் இருமல் சத்தம்தான் கேட்கும். கடைசியில் போன வருடத்து வீதமே இந்த வருடமும் என்று தீர்மானித்துவிட்டுத் தேநீருக்கு எழும்பிவிடுவார்கள்.

நூற்றுக்கு எத்தனை என்று அவர்கள் சொல்வார்கள். அந்த நூறு எவ்வளவு என்று சொல்வது எங்கள் வேலை. ஒரு வீட்டை நியாயமான வாடகைக்காரர் ஒருவர் எடுத்தால் வருடத்துக்கு என்ன வாடகை கொடுப்பார்? அதுதான் ஆண்டுப் பெறுமதி. வீட்டில் சொந்தக்காரரே குடியிருந்தாலும் பரவாயில்லை, அப்படி ஒரு வாடகைக்காரர் வருவதாக நாங்கள் நினைத்துக்கொள்ளவேண்டும். சட்டமே கற்பனை செய்யச் சொன்ன ஒரே அரசாங்க உத்தியோகம் எங்களுடையதுதான் என்று நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொட்டாஞ்சேனையில் ஓர் அறை எடுத்து, சோதனை பாஸ் பண்ணி, தகுதிகாண் காலத்தில் இருந்த எனக்கு அந்தக் கற்பனையைப் பழக்கியவர் மேலதிகாரி சவரிமுத்து. நாங்கள் சேர் என்போம். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். காலையில் கோயில் பூசை கண்டுவிட்டுத்தான் கந்தோருக்கு வருவார். காற்சட்டைப் பையில் எப்போதும் ஒரு தட்டைப் போத்தல் இருக்கும். சாராயம் என்று ஊரே நம்பியிருந்தது. உள்ளே இருந்தது வெறும் கிணற்றுத் தண்ணீர். மதிப்பிடப் போகிற வீட்டில் ஒரு சொட்டும் குடிக்கக் கூடாது என்பது அவருடைய முதலாவது சட்டம், அதற்காகத்தான் அந்தப் போத்தல்.

அந்த நியாயமான வாடகைக்காரரை அவர் உறவினரைப் போல அறிந்து வைத்திருந்தார். அந்த மனிதருக்கு ஒரு மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு மாமியார். மாமியாருக்குத் தொய்வு, மூச்சு இழுக்கும், ஈரச் சுவர் ஆகாது. மூத்தவன் படிக்க வெளிச்சம் வேண்டும். மனைவிக்குப் புகை போகும் அடுப்படி வேண்டும். சேர் ஒரு வீட்டுப் படலையில் நின்று ஒரு நிமிடம் கண்ணை மூடுவார். பிறகு அந்த வாடகைக்காரராகவே உள்ளே போவார். முதலில் பைப்பைத் திறந்து, தண்ணீர் சிவப்பாக வருகிறதா, இருமிக்கொண்டு வருகிறதா என்று பார்ப்பார். அடுத்தது மேலே பார்ப்பார். "தரையைக் கழுவி வச்சிருப்பாங்க தம்பி. கூரையை எவனும் கழுவமாட்டான்" என்பார். அடுப்படி நிலையில் நின்று மூக்கால் ஒரு இழுப்பு இழுப்பார். வாடகை பற்றி வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தையும் கேட்கமாட்டார். அதைப் பக்கத்து வீட்டில் கேட்பார். எல்லாம் முடிந்து தெருவுக்கு வந்ததும் என்னிடம் ஒரே ஒரு கேள்வி: "என்ன தம்பி, அவர் வருவாரா?"

இரண்டு வருடம் அவர் பின்னால் திரிந்தேன். பிறகு தனியே போ என்று வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையைத் தந்தார். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை. நாடாவின் மற்ற நுனிக்குப் பியதாச என்ற சிங்கள மனிதர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கதைப்பதில் பிரியமானவர். பேக்கரி வாசலில் பாணுக்கு மக்கள் வரிசையில் நின்ற காலம் அது. சீனியும் கூப்பனுக்குத்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வரிமதிப்புக்காரனை எந்த வீட்டிலும் வரவேற்கமாட்டார்கள். நாயை அவிழ்த்துவிடுவார்கள், அல்லது வீட்டில் ஆம்பிளைகள் இல்லை என்பார்கள். கடற்கரைப் பக்கமாக இருந்த அந்தக் கடைசி வீட்டிலோ, நான் வாய் திறக்குமுன்னமே படலை திறந்தது. திருநீறு பூசி, வேட்டி சால்வையோடு நின்ற ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற தலைமைக் கிளாக்கர் நல்லதம்பியர், "வாங்கோ தம்பி, வாங்கோ, விடிய துடக்கம் உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். சேர் முன்கூட்டியே அறிவித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மரியாதை தெரிந்த குடும்பம் என்றும் நினைத்தேன்.

நடந்தது இதுதான். அவருடைய ஒரே மகளுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். வீடு சீதனம். வீட்டைப் பார்க்க, அளவு தெரிந்த ஒருவரை அன்றைக்கு அனுப்புவதாக மாப்பிள்ளையின் பெரியப்பா சொல்லிவிட்டிருந்தார். வெள்ளைச் சேட்டும் கையில் நாடாவும் யாழ்ப்பாணத்து முகமுமாக நான் போய் நின்றால் அவர் வேறென்ன நினைப்பார்?

வீடு விற்பவர்கூட ஒரு வீட்டை இப்படிப் புகழ்ந்து நான் கேட்டதில்லை. முதிரை மரக் கதவாம். கோடையிலும் வற்றாத கிணறாம். கடற்காற்றுக்கு விசிறியே தேவையில்லையாம். வாடகைக்கு விட்டால் வெள்ளைக்காரர் வரிசையில் நிற்பார்களாம். "ரயில் பாதை கிட்டத்தான், ஆனா சத்தம் கேளாது" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரயில் போனது. அலுமாரிக் கண்ணாடி நடுங்கியது, மேசையில் தம்ளர் நகர்ந்தது. அவர் குரலை உயர்த்திக் கிணற்றைப் பற்றி மறுபடியும் தொடங்கினார். நானோ குனிந்த தலை நிமிராமல் 'அமைதியான சூழல்' என்று எழுதினேன். கூடத்தின் நடுவில், வைக்கக் கூடாத இடத்தில் எல்லாம், மூன்று பெரிய குரோட்டன் செடிச் சாடிகள் நின்றன. 'உள் அலங்காரம் உண்டு' என்றும் எழுதினேன்.

அதன் பிறகு வந்தது தட்டம். பயத்தம் பணியாரம், முறுக்கு, இரண்டு கரண்டி சீனி போட்ட தேநீர். கூப்பன் சீனி! அதை ஓர் அந்நியனுக்கு இரண்டு கரண்டி போடுகிறார்கள் என்றால் ஒரு மாடுகூடச் சந்தேகப்பட்டிருக்கும். சேருடைய சட்டம் ஞாபகம் வந்தது, ஆனால் பணியாரத்தின் மணம் அதற்கு முன்னமே வந்துவிட்டது. தட்டத்தைக் கொண்டுவந்தவள் மகள். மேசையில் கிடந்த என் நாடாவை ஒரு முறை பார்த்தாள், என்னை ஒரு முறை பார்த்தாள், போய்விட்டாள். வாசலில் இருந்த பியதாசவுக்கும் ஒரு தட்டம். அவர் எட்டிப் பார்த்து, "மாத்தயா, அய் மே அய அப்பிட்ட மெச்சர கன்ன தென்னே?" என்றார். இவர்கள் ஏன் எங்களுக்கு இவ்வளவு சாப்பாடு தருகிறார்கள் என்று கேட்கிறார். பேசாமல் சாப்பிடும் என்றேன். நான் பைப்பைத் திறக்கவில்லை. மேலே பார்க்கவும் இல்லை.

பெரியப்பா அனுப்பிய உண்மையான ஆள் அன்று பின்னேரம் வந்திருக்கிறார். இரண்டு பேரை அனுப்பியிருக்கினம், சரியான கவனமான ஆக்கள் என்று நல்லதம்பியர் தன்னைத் தேற்றிக்கொண்டாராம். சில மாதத்தில் மதிப்பீட்டு அறிவித்தல் போனபோதுதான் காலையில் வந்தவன் யார் என்று விளங்கியது. அந்த ஒழுங்கையிலேயே பெரிய தொகை அவருடைய வீட்டுக்குத்தான். ஓய்வூதியக்காரர், காலாண்டுக்குக் காலாண்டு அந்தக் கணக்கில் வரி கட்ட அவரால் முடியாது. குறித்த நாளுக்குள் ஓர் ஆட்சேபனைக் கடிதம் வந்தது. ஒரு எழுத்துப் பிழையில்லாமல், சட்டப்பிரிவு இலக்கத்தோடு, அழகாகத் தட்டச்சு செய்திருந்தது.

விசாரணை சேருடைய அறையில். மேசையில் பேரேடு, பக்கத்தில் தட்டைப் போத்தல். நல்லதம்பியரும் மகளும் வந்தார்கள். என்னைக் கண்டதும் நல்லதம்பியர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர்கள் இருந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, வாசலில் குடையோடு இன்னொருவர் வந்து நின்றார். மாப்பிள்ளையின் பெரியப்பா. விசாரணை என்று கேள்விப்பட்டாராம், துணைக்கு வந்தாராம். நல்லதம்பியரின் முகத்தில் இரத்தம் வற்றிப்போனதை நான் பார்த்தேன். வீடு நல்லது என்றால் வரி. வீடு பழுது என்றால் கலியாணம் போச்சு. எல்லாம் என் பேனாவால் வந்தது.

அவர் எழும்பிவிட்டார். "சேர், எங்களுக்கு ஆட்சேபனை ஒண்டும் இல்லை. வீடு அவ்வளவு பெறும். அதுக்கு மேலயும் பெறும். கடிதத்தைத் திருப்பி எடுக்கிறம்."

பெரியப்பா தலையாட்டினார். வேறு அதிகாரி என்றால் வேலை மிச்சம் என்று பைலை மூடியிருப்பார். சேர் கடிதத்தைக் கையில் எடுத்து, கண்ணாடியை மாட்டி, கடைசி வரிக்குப் போனார்.

"இதுல உங்க கையெழுத்து இல்லையே. பவானின்னு போட்டிருக்கு."

"மகள்தான் சேர்."

"வீட்டு உறுதிப் பத்திரம் யார் பேர்ல இருக்கு?"

மாப்பிள்ளை வீட்டாருக்கு நம்பிக்கை வரட்டும் என்று நல்லதம்பியர் உறுதியை முன்கூட்டியே மகள் பேருக்கு எழுதிவிட்டிருந்தார். அதை மெல்லிய குரலில் சொன்னார்.

"அப்ப நீங்க உட்காருங்க. ஆட்சேபனைக்காரர் கதைக்கட்டும்."

அந்தப் பெண் எழும்பினாள். ஒரு சட்டத்தரணியிடம் தட்டச்சு வேலை பார்க்கிறவள் என்று பிறகுதான் அறிந்தேன். தகப்பனைப் பார்க்கவில்லை, பெரியப்பாவையும் பார்க்கவில்லை, பேரேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வீடு ஒழுகுது சேர். கூடத்தில மூண்டு இடத்தில. அந்த மூண்டு இடத்திலயும் நாங்கள் குரோட்டன் வைச்சிருக்கிறம். மழைக்குச் சாடியை எடுத்திட்டு வாளி வைப்பம். கிணத்துத் தண்ணி உப்பு, குடிக்க ஏலாது. ரயில் போகேக்க கதைக்க ஏலாது. யன்னல் கம்பி உப்புக் காத்தில கறள் பிடிச்சு, ரெண்டு யன்னல் பூட்டுறேல்லை. இந்தத் தொகைக்கு வாடகைக்கு வர ஒரு ஆள் இருந்தால் கூட்டிவாங்கோ, நாங்கள் இண்டைக்கே வீட்டைக் குடுக்கிறம்."

சேர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, மேல பார்த்தியா?"

"இல்லை சேர்."

"பைப்பைத் திறந்தியா?"

"இல்லை சேர்."

"அப்ப அந்த ஒரு மணித்தியாலமும் என்ன செய்தே?"

பொய் சொல்ல ஆசைதான். அந்தப் பெண் அவ்வளவையும் சொல்லிவிட்டு நின்றுகொண்டிருக்கும்போது வாய் வரவில்லை. "பயத்தம் பணியாரம் சாப்பிட்டன் சேர்" என்றேன். வெட்கத்தில் காது எரிந்தது.

பெரியப்பா குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார். "நாங்கள் யோசிச்சுச் சொல்லுறம்" என்று நல்லதம்பியரிடம் சொன்னார். அப்படிச் சொன்னவர்கள் பிறகு ஒன்றும் சொல்வதில்லை என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். சேர் பழைய தொகையை வெட்டி, நியாயமான ஒன்றை எழுதிக் கையெழுத்து வைத்தார். அடுத்த கடதாசியில், என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே, என் நியமன உறுதிப்படுத்தலை ஆறு மாதம் தள்ளிவைக்கும்படி எழுதினார். சம்பள ஏற்றமும் அதோடு நின்றது. "அந்தப் பிள்ளைக்கு நம்ம வாடகைக்காரரை நல்லாத் தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு ஆறு மாதம் பெரிதாகத் தெரியவில்லை. படியிறங்கும்போது நல்லதம்பியர் சால்வையால் முகத்தைத் துடைத்ததுதான் கண்ணுக்குள் நின்றது. ஒரு பெண்ணின் கலியாணத்தை இரண்டு பணியாரத்துக்காகக் குழப்பிவிட்டேன் என்று நித்திரை இல்லை. அடுத்த சனிக்கிழமை மன்னிப்புக் கேட்கப் போனேன். நல்லதம்பியர் பேப்பரை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. நான் மேலே பார்த்தேன். மூன்று கறுத்த வட்டம், கச்சிதமாகச் சாடிகளுக்கு நேரே. அதற்கடுத்த சனிக்கிழமை பியதாசவையும், மட்டக்குளியில் ஓடு மாற்றும் அவருடைய மைத்துனரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு நான் கீழே நின்றபோது பவானி தேநீர் கொண்டுவந்தாள். மதிப்பிட்ட வீட்டில் குடிப்பதில்லை என்றேன். "இப்ப மதிப்பிட வரேல்லைத்தானே" என்றாள். குடித்தேன். அதில் சீனி இல்லை.

கூரை பழையது, ஓர் இடத்தை அடைத்தால் இன்னோர் இடத்தில் ஒழுகும். ஆகவே எனக்கு அடிக்கடி போகவேண்டி இருந்தது. ஒரு கட்டத்தில் தாயார் என் ஊரைக் கேட்டார், பிறகு தகப்பன் பெயரைக் கேட்டார். அடுத்த வருடம் நான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனேன். நானும் சீதன வீட்டுக்குத்தான் போனேன், மறைக்கவில்லை. ஒழுகும் என்று தெரிந்துகொண்டு போனேன். கலியாணத்துக்குச் சவரிமுத்து சேர் வந்தார். அன்றைக்குத்தான் அவர் வெளியிடத்தில் பணியாரம் தின்னக் கண்டேன். கையைத் துடைத்துவிட்டு மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், காதுக்குள் சொன்னார்: "வந்திட்டாரு. மாமியாருக்குத் தொய்வு இல்லையே?"

அதே வீட்டைத்தான் போன மாதம் அந்தப் பிள்ளை சிவப்புப் பொட்டால் அளந்தாள். எண்பத்து மூன்று கலவரத்தில் கதவும் யன்னலும் எரிந்து சுவர் மட்டும் மிஞ்சிய வீடு. திரும்பி வந்து, முதலில் கூரையைப் போட்டோம், பிறகுதான் கதவு. முதிரை மரக் கதவு இப்போது இல்லை. ரயில் மட்டும் அப்படியே போகிறது.

கதை முழுவதையும் கேட்ட பிள்ளை ஒரு கேள்வி கேட்டாள். "அங்கிள், விசாரணை எந்த நாள் எண்டு அந்தப் பெரியப்பாவுக்கு எப்படித் தெரிஞ்சது?"

மதிப்பீட்டுப் பேரேடு பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தது, வந்து பார்த்திருப்பார், யாரிடமாவது விசாரித்திருப்பார் என்று இத்தனை வருடமும் எல்லோருக்கும் சொல்லிவந்ததையே சொன்னேன்.

உடுப்பு மடித்துக்கொண்டிருந்த பவானி தலை நிமிராமல் சொன்னாள். "நான்தான் போஸ்ட்காட் போட்டனான்."

ரயில் ஒன்று போய் முடிந்த பிறகுதான் மிச்சத்தைச் சொன்னாள்.

"உங்கட நாடாவின்ர உறையில சபையின்ர முத்திரை இருந்தது. தட்டத்தை வைக்கேக்கையே கண்டனான். சொல்லியிருக்கலாம், சொல்லேல்லை. அந்த மாப்பிள்ளையை எனக்குப் பிடிக்கேல்லை. வீட்டில கிணத்தைப் பற்றிக் கதைச்சவை, கதவைப் பற்றிக் கதைச்சவை. உனக்கு விருப்பமோ எண்டு என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. தொகை கூட வந்தா விசாரணை வரும், அங்கயாவது 'ஆட்சேபனைக்காரர் கதைக்கட்டும்' எண்டு ஒரு மனுசன் சொல்லுவார் எண்டு எனக்குத் தெரியும். எங்கட கந்தோரில எத்தினை ஆட்சேபனை தட்டச்சு செய்தனான்."

அந்தப் பிள்ளை கையிலிருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டுத் தேநீரை எடுத்துக் குடித்தாள். நான் ஐம்பது வருடமாக ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் குழப்பிவிட்டேனே என்று உள்ளுக்குள் வருந்தி வந்தவன். எத்தனை கோயிலில் அதற்கு மன்னிப்புக் கேட்டிருப்பேன். கோபம் வந்தது, அதற்கு மேல் சிரிப்பும் வந்தது, அதற்கும் மேல், சொல்லுகிறேனே, சரியான சந்தோஷம் வந்தது. வெளியே காட்டாமல், "உம்மால எனக்கு ஆறு மாசச் சம்பள ஏற்றம் போனது தெரியுமோ?" என்றேன்.

பவானி மடித்த உடுப்பை அடுக்கி எடுத்துக்கொண்டு எழும்பினாள். "ஆட்சேபனை இருந்தா எழுத்தில தாங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இதுதான் அந்த எழுத்து. குறித்த காலத்துக்குள் வரவில்லை என்று தள்ளிவிடுவாள் என்று தெரியும், இருந்தாலும் கையெழுத்து வைத்து மேசையில் வைத்திருக்கிறேன்.